இருக்கும் வெளிச்சத்தில்

நம் அலமாரியில் ஒரு நிழற்படம் இருக்கிறது. இருபத்தைந்து ஆண்டுகள் அதை எவருக்கும் காட்டாமல் வைத்திருந்தோம். படத்தில் குறையொன்றுமில்லை, நாம் எடுத்தவற்றுள் அத்துணைத் தெளிவாக அமைந்தது வேறு இல்லை எனலாம்.

1999ஆம் ஆண்டு கடலூரில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தோம். நம் கையில் செபநூலைக் காட்டிலும் காமிராவையே மிகுதியும் காண்பதாகப் பங்குத்தந்தை கேலி செய்வார். அவ்வாண்டு ஒரு பள்ளியின் உள்ளரங்கில் இறகுப்பந்துப் போட்டி நடந்தது. ‘ஷட்டில்’ என்றால்தான் ஊராருக்குப் புரியும். பூப்பந்தைத் திறந்த திடலில் ஆடலாம். இறகுக்கோ காற்று பகை. கடற்காற்று சற்றே புகுந்தாலும் அது திசைமாறிவிடும் என்று சன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தார்கள். வெளியே சுட்டெரிக்கும் பகல், உள்ளே அந்திப்பொழுது. உயரத்தில் சில குழல்விளக்குகள் மட்டும் எரிந்தன.

நம் பங்கைச் சேர்ந்த மாணவி ஒருத்தி இறுதியாட்டம் வரை வந்துவிட்டாள். ஆட்டம் முடிய இரண்டொரு புள்ளிகளே இருந்தன. நாம் வலைக்கம்பத்தின் அருகே சென்று மண்டியிட்டோம். எதிரி உயர்த்தி அடித்த இறகு இறங்கி வர, அவள் மட்டையை ஓங்கினாள். நாம் விசையை அழுத்தினோம். ஃபிளாஷ் மின்னியது. இறகு அவளுக்குப் பின்னால் போய் விழுந்தது.

“ஒண்ணுமே தெரியல சாமி” என்றாள். குற்றஞ்சாட்டும் குரலாக அது இல்லை. கண்களைப் புறங்கையால் தேய்த்துக்கொண்டே சொன்னாள். புள்ளி எதிராளிக்குப் போயிற்று. அடுத்த புள்ளியும் போயிற்று. பரிசளிப்பில் நாம் நிற்கவில்லை.

ஃபிலிமைக் கழுவி வாங்கியபோது அந்தப் படத்தில் அவள் கண்கள் அகலத் திறந்திருந்தன. இறகையே நோக்கியிருந்தன. நெடுநேரம் அது நமக்கு விளங்கவில்லை. பிறகு உணர்ந்தோம். ஃபிளாஷ் மின்னி அணைவது ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி அளவில். அவ்வொளி தாக்கியதென்று இமை அறிவதற்குள் படம் முடிந்துவிடுகிறது. அவள் தெளிவாகக் கண்ட கடைசிக் கணத்தை எடுத்துக்கொண்டுதான் அவள் பார்வையைப் பறித்திருக்கிறோம்.

அதன்பின் உள்ளரங்கில் ஃபிளாஷ் போடுவதில்லை என்று முடிவு செய்தோம். முடிவு செய்வது எளிது, படம் வரவேண்டுமே! அன்று நம்மிடமிருந்தது 400 வேகமுள்ள ஃபிலிம். விலை குறைந்த 50 மி.மீ. லென்ஸின் துவாரத்தை 1.8 வரை முழுக்கத் திறந்துவைத்தாலும், அத்தகைய அரங்கில் வினாடியில் 125இல் ஒரு பங்குக்கு மேல் வேகம் கிட்டாது. அந்த வேகத்தில் அடிக்கும் கை வெறும் புகையாகத் தெரியும். ஃபிலிமை 1600 என்று கருதிக்கொண்டு எடுத்து, கழுவும்போது மருந்தில் கூடுதல் நேரம் வைத்தால் நான்கு மடங்கு வேகம் கிடைக்கும். அப்படிச் செய்யச் சொன்னபோது திருப்பாதிரிப்புலியூரில் நமக்குப் பழக்கமான ஸ்டுடியோக்காரர் முகம் சுளித்தார். “படம் முழுக்க ரவையைக் கொட்டின மாதிரி இருக்கு சாமி” என்றார். இருந்தது உண்மையே. ஆனால் ரவைக்கு நடுவே ஆள் இருந்தார்!

இவ்வழியில் நமக்கு முன்னோர் உண்டு. செர்மானியரான எரிக் சாலமன் சட்டம் பயின்றவர். 1924இல் வெளிவந்த எர்மனாக்ஸ் என்னும் காமிராவைக் கொண்டு நீதிமன்றங்களிலும் அரசியல் மாநாடுகளிலும் விளக்கு கொளுத்தாமலே படமெடுத்தார். மற்றவர்கள் மக்னீசியப் பொடியைக் கொளுத்தி அறையைப் புகையால் நிரப்பிய காலம் அது. காமிராவைத் தாங்கியில் நிறுத்தி, பேசுவோர் ஒரு நொடி அசைவற்றிருக்கும் வரை காத்திருப்பார். யூதர் என்பதால் 1944இல் அவுஸ்விட்சில் கொல்லப்பட்டார்.

ஆனால் ஆட்டக்காரர் அசையாதிருப்பாரா? இந்தியரான சாத்விக்சாய்ராஜ் அடித்த இறகு மணிக்கு 565 கி.மீ. வேகத்தில் சென்றதாக 2023இல் கின்னஸ் பதிவு செய்தது. வினாடியில் 125இல் ஒரு பங்குக்குள் அது ஒன்றேகால் மீட்டர் பறந்துவிடும். எந்தக் காமிராவுக்கு அது பிடிபடும் என்று சோர்ந்திருக்கிறோம்.

விடை ஆட்டக்காரரிடமே இருந்தது. அவர் துள்ளி எழுந்து, மீண்டும் இறங்கத் தொடங்குமுன் உச்சியில் ஒரு கணம் நிற்கிறார். அந்த உச்சிக்கு முன்னும் பின்னும் இருபதில் ஒரு வினாடி அளவில் அவர் உடல் மேலும் கீழும் நகர்வது சற்றேறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். குறைந்த வேகமே அங்கே போதும். கைதான் சற்றுக் கலங்கும். அது கலங்கட்டும், அடிக்கிற கை அல்லவா? ஆனால் துள்ளலைக் கண்டபின் விசையை அழுத்தினால் காலம் கடந்துவிடும். எதிராளி இறகை உயர்த்தும்போதே, இவர் எங்கே எழுவார் என்பதை முன்னறிய வேண்டும். அதற்கு ஆட்டத்தைக் கற்கவேண்டியிருந்தது. ஆடுவோர் ஒவ்வொருவரின் பழக்கத்தையும் கற்கவேண்டியிருந்தது. பல மாலைகள் காமிராவைத் தொடாமல் உட்கார்ந்து பார்த்தோம்.

பின்னர்ச் சிதம்பரத்துக்கு மாற்றலானோம். ஒருநாள் நடராசர் கோயில் கோபுர வாயிலில் வெள்ளை அங்கியோடு அண்ணாந்து நின்ற நம்மை இரண்டொருவர் வியப்புடன் நோக்கினர். நாட்டிய சாத்திரத்தின் 108 கரணங்கள் அங்கே நடைவழியின் சுவர்களில் செதுக்கப்பட்டுள்ளன. கரணம் என்பது நின்ற நிலையன்று, ஓர் அசைவு என்பது நாட்டியக் கலைஞர் பத்மா சுப்ரமணியத்தின் ஆய்வு முடிவு. அப்படியானால் அந்தச் சிற்பி ஒவ்வோர் அசைவிலிருந்தும் ஒரேயொரு கணத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். அவனிடம் விசையுமில்லை, ஃபிலிமுமில்லை. எத்தனை முறை ஆடச் சொல்லிப் பார்த்தானோ!

டிஜிட்டல் காமிரா வந்தபின் பாடு குறைந்தது. 3200, 6400 என்று உணர்திறனைக் கூட்டினாலும் ரவை அவ்வளவு கொட்டுவதில்லை. ஆனால் புதுத்தொல்லை ஒன்று: அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒன்று பளிச்சென்றும் மற்றது மங்கி மஞ்சளாகவும் வந்தன. காமிரா பழுதென்றே எண்ணினோம். நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சிகள் உடையது. ஆகவே சோக் போட்ட குழல்விளக்கு வினாடிக்கு நூறு முறை ஒளிர்ந்து மங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அது வேகமான காமிராவுக்குத் தெரிந்துவிடுகிறது. 2014இல் வந்த கேனன் 7டி மார்க் 2 முதலாகச் சில காமிராக்கள் ஒளிரும் கணம் பார்த்தே படமெடுக்கின்றன. நம்முடையது பழையது. வினாடியில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டு உச்சிக்காகக் காத்திருக்கிறோம்.

இன்றும் பார்வையாளர் வரிசையிலிருந்து செல்பேசியால் ஃபிளாஷ் அடிப்போர் உள்ளனர். மூன்று மீட்டரில் விழும் ஒளி பன்னிரண்டு மீட்டரில் பதினாறில் ஒரு பங்காகிவிடும். அவர்களுக்குப் படமும் வருவதில்லை. ஆடுபவர்க்குக் கண் கூசுவது மட்டும் மிச்சம்.

2024இல் அண்ணாமலைநகரில் ஒரு போட்டிக்குச் சென்றிருந்தோம். மாணவியர் சிலரை அழைத்து வந்திருந்த உடற்கல்வி ஆசிரியை நம்மிடம் வந்து, “சாமி, இப்பவும் காமிராதானா?” என்றார். குரலைக் கேட்டதும் அறிந்துகொண்டோம். ஃபிளாஷ் இல்லை என்று சொல்லக் காமிராவைத் திருப்பிக் காட்டினோம். சிரித்தார்.

இடைவேளையில், இத்தனை ஆண்டும் சொல்லாததைச் சொன்னோம். அவர் சற்று யோசித்து, “அன்னைக்கு நான் தோத்தது அதனால இல்ல சாமி. அதுக்கு முன்னாடியே கால் தளர்ந்துபோச்சு” என்றார். உண்மையைத்தான் சொன்னாரோ, நம்மை ஆற்றுவதற்காகச் சொன்னாரோ, நமக்குத் தெரியவில்லை. பின்பு, “அந்தப் படம் இருக்கா?” என்று கேட்டார்.

மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தோம். கண்களைத்தான் முதலில் பார்ப்பார் என்று அஞ்சியிருந்தோம். அவரோ படத்தைச் சன்னல் பக்கம் திருப்பி நெடுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு தம் மாணவியரைக் கூப்பிட்டார்.

“இங்க வாங்கடி, இந்த மணிக்கட்டைப் பாருங்க. மட்டை எவ்வளவு பின்னால போயிருக்கு! இப்படித்தான் இருக்கணும்.”

ஆறு தலைகள் அந்தப் படத்தின்மீது குனிந்தன. அது யாரென்று அவர்களுள் ஒருத்தி கேட்டாள்.