காம்பினேஷன் நாள்

1993-இல் வடபழனியில் ஒரு தயாரிப்பு நிர்வாகியிடம் உதவியாளாகச் சேர்ந்தேன். அவரை யூனிட்டில் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் வாரமே ஒரு திரைக்கதை ஃபைலையும் நீளமான கணக்கு நோட்டையும் கையில் கொடுத்து, ஷெட்யூல் போட்டு வரச் சொன்னார். இரவெல்லாம் உட்கார்ந்து, முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை நாள்வாரியாக எழுதிக் கொண்டு போனேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "கதை வரிசையை எடிட்டர் பாத்துக்குவாரு தம்பி. நமக்கு இட வரிசைதான்" என்றார்.

அந்தக் கதையில் நாயகன் வீட்டில் மட்டும் 14 காட்சிகள். அந்த வீட்டை ஸ்டுடியோ ஃபுளோரில் செட்டாகப் போட்டால், படம் பிடிக்கும் நாளுக்கு மட்டுமல்ல, தச்சர்கள் பலகை அடிக்கும் நாளுக்கும் பிரித்து எடுக்கும் நாளுக்கும் வாடகை உண்டு. அதனால் 14 காட்சிகளையும் ஒரே மூச்சில் முடித்தாக வேண்டும். அம்மா இறந்து கிடக்கும் காட்சியைக் காலையில் எடுத்தோம். அதே அம்மா மகனுக்குப் பெண் பார்க்கப் புறப்படும் காட்சியை மதியம் எடுத்தோம். ஃபுளோர் வாடகைக்குப் பணிந்து அந்த அம்மா நடிகை ஒரே நாளில் இரண்டு மனநிலைக்குப் போய் வந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நடிப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது அன்றுதான்.

ஷெட்யூலில் அண்ணன் அதிகம் பயந்தது காம்பினேஷன் காட்சிகளுக்கு. நாயகன், நாயகி, வில்லன், நகைச்சுவை நடிகர், அப்பா நடிகர் எல்லோரும் ஒரே ஃபிரேமில் நிற்க வேண்டிய காட்சி அது. ஐந்து பேரும் ஐந்து படங்களில் ஓடிக் கொண்டிருப்பார்கள். ஒருவர் தேதி கொடுத்தால் இன்னொருவர் ஊட்டியில் இருப்பார். ஒரு கல்யாணக் காட்சியன்று வில்லன் நடிகர் மதியம் ஒரு மணிக்குக் கிளம்பியாக வேண்டும் என்றார். ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்கள் 40 பேர் பட்டுப் புடவையில் காத்திருந்தார்கள். அண்ணன் இயக்குநரோடும் ஒளிப்பதிவாளரோடும் பத்து நிமிடம் பேசினார். வில்லன் முகம் தெரியும் ஷாட்கள் எல்லாம் முதலில் முடிந்தன. பிறகு கேமரா மறுபக்கம் திரும்பியது. அவருடைய சட்டையைப் போட்டுக் கொண்டு ஒரு டூப் முதுகைக் காட்டி நிற்க, சஜஷன் வைத்து மற்றவர்களின் வசனங்களை எடுத்தோம். இப்படி ஒரு தோளுக்கு மேலாக இன்னொரு முகம் தெரிகிற சஜஷன் ஷாட்களைத் திரையில் பார்க்கும்போது, அது அழகுக்காக வைத்ததா, தேதி கிடைக்காமல் வைத்ததா என்று இன்றும் என் கண் தேடும்.

ஒரே திசையில் இருக்கிற ஷாட்களை எல்லாம் முடித்த பிறகே லைட் மாற்றுவதும் இதே கணக்குதான். பெரிய செட்டில் லைட்டைத் திருப்பி அமைக்க ஒரு மணி நேரம் போய்விடும். அந்த ஒரு மணி நேரமும் மொத்த யூனிட்டும் சம்பளத்தில் நிற்கிறது.

அப்போது பிலிம் காலம். 400 அடி ரோல் நாலரை நிமிடத்துக்குள் ஓடித் தீர்ந்துவிடும். இரண்டரை மணி நேரப் படத்துக்குக் குறைந்தது 13,500 அடி, அதுவும் எல்லா ஷாட்டும் முதல் டேக்கிலேயே சரியாக வந்தால். ஓடியது எவ்வளவு, வீணானது எவ்வளவு, மிச்சத் துண்டு எவ்வளவு என்று மாலையில் உதவி ஒளிப்பதிவாளரோடு உட்கார்ந்து எழுதுவது என் வேலை. இரண்டாம் உலகப் போர் நடந்தபோது பிலிம் தட்டுப்பாட்டால் படத்தின் நீளத்தையே 11,000 அடிக்குள் அடக்க வேண்டும் என்று அரசு கட்டுப்பாடு போட்டதை அண்ணன் அடிக்கடி சொல்வார். பாட்டுக்கு மேல் பாட்டாக ஓடிய தமிழ்ப் படங்கள் இரண்டு மணி நேரத்துக்குச் சுருங்கின.

அண்ணன் சின்ன வயதில் மாதச் சம்பளத்துக்கு ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்தவர். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், ஜெமினி, வாகினி என்று பெரிய ஸ்டுடியோக்களில் எல்லாமே ஒரே காம்பவுண்டுக்குள் நடந்த காலம் அது. ஜெமினியின் எஸ்.எஸ்.வாசன் 'சந்திரலேகா'வுக்குக் கொட்டிய பணத்தைத் தமிழ்ச் சந்தை மட்டும் திருப்பித் தராது. அதனால்தான் 1948-இல் அதை இந்தியிலும் எடுத்து நாடு முழுக்க வெளியிட்டார். படம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஸ்டுடியோவுக்குச் சம்பளமும் மின்கட்டணமும் நிற்காது. நட்சத்திரங்கள் படத்துக்குப் படம் சம்பளம் பேசத் தொடங்கினார்கள். 1977-இல் '16 வயதினிலே' வந்த பிறகு கேமரா கிராமத்துக்குப் போனது. ஃபுளோர்கள் காலியாக, மண்ணின் விலை ஏறியது. வாகினி இருந்த இடத்தில் இன்று மால் நிற்கிறது.

பணம் வரும் வழியை அண்ணன் கடைசியாகத்தான் கற்றுக் கொடுத்தார். செங்கல்பட்டு, கோவை, மதுரை என்று ஏரியா ஏரியாவாக விநியோகஸ்தர்களிடம் தயாரிப்பாளர்கள் அட்வான்ஸ் வாங்குவார்கள். மீதிக்கு பைனான்சியர். நெகட்டிவ் லேபில் இருக்கும், கடன் தீராமல் பிரிண்ட் வெளியே வராது. ரிலீஸுக்கு முந்தின இரவு வட்டிக் கணக்கு முடிய விடிந்துவிடும். ஷூட்டிங் பத்து நாள் தள்ளிப் போனால் அந்தப் பத்து நாளுக்கும் வட்டி ஓடும்.

நான் வேலை செய்த ஒரு படத்தில் அப்படி வட்டி ஏறியபோது, தயாரிப்பாளர் முதலில் கைவைத்தது லைட்மேன்களின் தினப்படியான பேட்டாவிலும் சாப்பாட்டிலும். மொத்த பட்ஜெட்டில் அது மிகச் சிறிய துண்டு. நாயகனின் சம்பளத்தில் ஒரு ரூபாய் குறையவில்லை. அண்ணன் நோட்டை மேஜையில் வைத்துவிட்டு அந்தப் படத்திலிருந்து விலகினார். நானும் கூடவே வந்தேன்.

இன்று ஷெட்யூலைக் கம்ப்யூட்டரில் போடுகிறேன். பிலிம் செலவு இல்லை என்பதால் கேமரா ஓடிக் கொண்டே இருக்கிறது, நாட்கள் கூடிக் கொண்டே போகின்றன. மெமரி கார்டை அழித்து மறுபடி பயன்படுத்தலாம். ஃபுளோர் வாடகையும் 150 பேர் சம்பளமும் அப்படி இல்லை. பட்ஜெட்டைக் குறைக்க வேண்டுமென்றால் நாளைக் குறையுங்கள். பேக்கப் சொன்ன அன்றைக்கே, ஆட்கள் வேன் ஏறுவதற்கு முன்னால், பேட்டாவைக் கொடுத்துவிடுங்கள்.