பனிமலைக்கு ஏற்ற நெற்றிவிளக்கு

விளக்கின் அருமையைப் பகல் அறியாது. இருள் கவிந்து, காற்றுச் சீறி, காலடியிலுள்ளது தரையோ வெறுவெளியோ என்று தோன்றாத வேளையிலேதான் ஒரு சிறு சுடர் ஓருயிரின் விலையைப் பெறும்.

எமது கல்லூரியின் விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தபொழுது, யாம் எதனை எழுதுவது என்று சிறிது சிந்தித்தோம். பழைய மாணவர் பலர் சமயத்தையும் தமிழையும் கல்லூரியின் வரலாற்றையும் பற்றித் திறம்பட எழுதுவர். யாமோ பொறியியலைத் தொழிலாகக் கொண்டு, ஸ்கொத்லாந்தின் வடபாகத்திற் பல்லாண்டு வாழ்ந்து, மாரிகாலந்தோறும் நண்பர் இருவருடன் அங்குள்ள பனிமலைகளில் ஏறி இறங்கும் பழக்கமுடையோம். ஆதலால் அம்மலைகளில் ஏறுவோன் தன் நெற்றியிற் கட்டிக்கொள்ளும் சிறு விளக்கைப் பற்றி எழுதத் துணிந்தோம். இன்று எமது கல்லூரியிலிருந்து குளிர்நாடுகளுக்குச் செல்லும் இளைஞர் பலராதலின், இது அவருள் ஒருவர்க்கேனும் பயன்படுமென்பது எம் நம்பிக்கை.

சூளையும் அரிக்கன் லாம்பையும் பெற்றோமக்சையும் கண்டு வளர்ந்தவர்கள் நாம். ரோச் லைற் என்று வழங்கிய மின்சூளைக் கையிலே பிடித்துக்கொண்டு திருவிழாவுக்குச் சென்று திரும்பியிருக்கிறோம். ஆனால் பனிமலையிலே கைகள் ஒழிந்திருப்பதில்லை. ஒரு கையிற் பனிக்கோடரி இருக்கும். மறு கை பாறையையோ கயிற்றையோ பற்றியிருக்கும். ஆகவே விளக்கு தலைக்கு ஏறிற்று. இதற்கு வழி காட்டியவர்கள் சுரங்கத் தொழிலாளர்கள். 19 ஆம் நூற்றாண்டிலே அவர்கள் தொப்பியின் முன்புறத்தில் எண்ணெய்த்திரி விளக்கைக் கொளுவி நிலக்கரி வெட்டினர். பின்னர் காபைட்டு விளக்கும், அதன்பின் மின்குமிழும் வந்தன. இக்காலத்து நெற்றிவிளக்குகள் யாவும் எல்.ஈ.டி. எனப்படும் ஒளிகாலும் இருவாயிகளைக் கொண்டவை. வெண்ணிற ஒளிக்கு வழி திறந்த நீல ஒளி இருவாயியை ஆக்கியமைக்காக யப்பானில் பிறந்த அறிஞர் மூவர், அகசாகி, அமானோ, நாகமூறா என்போர், 2014 ஆம் ஆண்டு பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

பகலில் ஏறிப் பகலில் இறங்குவோர்க்கு விளக்கு எதற்கு என்று நீங்கள் வினவலாம். யாழ்ப்பாணத்திலே மார்கழி மாதத்துப் பகலும் பதினொன்றரை மணித்தியாலம் நீளும். ஸ்கொத்லாந்தின் வடக்கிலோ டிசம்பர் மாதக் கடைசியில் ஞாயிறு ஏறத்தாழ 9 மணிக்கு எழுந்து, பிற்பகல் மூன்றரை மணியளவில் மறைந்துவிடும். ஆறரை மணித்தியாலப் பகலில் ஒரு மலையிலேறி இறங்குவதெனின், புறப்பாடோ திரும்புகையோ, பெரும்பாலும் இரண்டுமோ, இருளிலேதான் நிகழும்.

கெயார்ண்கோம் மலைத்தொடர் இதற்குத் தக்க சான்று. கெயார்ண் கோம் சிகரம் 1,245 மீற்றர் உயரமுடையது; அதன் தெற்கேயுள்ள பென் மக்டூயி 1,309 மீற்றர். இமயத்தை நினைப்போர்க்கு இவை குன்றுகளாகவே தோன்றும். ஆயினும் இவற்றின் உச்சி ஒரு பரந்த மேட்டுநிலம். அங்கே புயல் எழும்பொழுது மண்ணும் விண்ணும் ஒரே வெண்மையாகிவிடும். மேட்டுநிலத்தின் ஓரங்களிலே செங்குத்துப் பள்ளங்களின்மேற் பனிவிளிம்புகள் கூரைபோல நீண்டு தொங்கும். அவற்றின் மேல் நிற்பவன் தன் காலின்கீழ் வெறுவெளி இருப்பதை அறியான். 1971 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், எடின்பரோ நகரத்துப் பாடசாலை மாணவர் ஐவரும் அவர்க்குத் துணையாகச் சென்ற இளம் வழிகாட்டி ஒருவரும் அம்மேட்டிலே புயலில் அகப்பட்டு, அடைய எண்ணிய குடிலை அடையமாட்டாமல் உயிர் துறந்தனர். அத்துயரம் விளக்கினால் நேர்ந்ததன்று. அம்மலை இளமைக்கென்று இரங்குவதில்லை என்பதைக் காட்டவே அதனை இங்கு நினைவுகூர்ந்தோம்.

எமது கல்லூரியிற் பயின்று, அபடீன் நகரத்துப் பல்கலைக்கழகத்துக்கு வந்த இளைஞர் ஒருவர், வருகின்ற மாரியில் எம்முடன் மலையேற விரும்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எம் இல்லத்துக்கு வந்தவர், தாம் வாங்கிய நெற்றிவிளக்கைப் பெருமையோடு எடுத்து வைத்தார்.

“ஐயா, இதனிலும் வெளிச்சமானது கடையில் இல்லை. 1,000 இலூமன், 100 மணித்தியாலம் எரியுமாம்.”

“நல்லது தம்பி. 1,000 இலூமன் எத்தனை மணித்தியாலத்துக்கு? 100 மணித்தியாலம் எத்தனை இலூமனுக்கு?” என்று கேட்டோம்.

அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரிய எழுத்துகளில் இவ்விரண்டு எண்களும் அருகருகே நின்றன. அடியிலே சிறிய எழுத்தில் இருந்த அட்டவணையைப் படித்தபின்னரே, முதல் எண் மிகப் பெரிய ஒளிநிலைக்கும் மற்றது மிகச் சிறிய ஒளிநிலைக்கும் உரியன என்பது அவருக்குப் புலனாயிற்று. விளக்கு வாங்குவோர் முதலிற் கற்கவேண்டிய பாடம் இதுவே.

ஒளியின் எண்ணைப் பற்றி எமது கல்லூரி ஆய்கூடமே எமக்குப் போதித்திருக்கிறது. மெழுகுதிரிகளையும் எண்ணெய்ப்பொட்டு ஒளிமானியையும் வைத்து, ஒளியின் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறையுமென எம் பௌதிக ஆசிரியர் செய்து காட்டியதை மறந்தோமல்லோம். அவ்விதியின்படி, ஒரே வகையான கதிரில் இரு மடங்கு தூரம் பார்க்க வேண்டுமாயின் நான்கு மடங்கு ஒளி வேண்டும். எனவே 250 இலூமனிலிருந்து 1,000 இலூமனுக்கு ஏறியவன் பெறுவது இரட்டிப்புத் தூரமே. மின்கலத்திலிருந்து அவன் செலவிடுவதோ ஏறத்தாழ நான்கு மடங்கு. எம் அனுபவத்தில், கால்வைக்கும் இடம் பார்க்க 100 இலூமன் போதும். தூரத்துப் பாறையையோ இறங்குவழியையோ தேடும்பொழுது 300 அல்லது 400 இலூமன் சில நிமிடங்களுக்கு வேண்டும்.

விளக்கு எரியும் நேரத்தை அளப்பதற்கு எப்.எல்.1 என்னும் நியமம் ஒன்று 2009 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியாயிற்று. பல உற்பத்தியாளர் அதனையே பின்பற்றுகின்றனர். அந்நியமத்தின்படி, ஒளி தன் தொடக்க அளவின் பத்திலொரு பங்காகக் குறையும்வரை விளக்கு ‘எரிகின்றது’ என்றே கணக்கு. அதனால் 6 மணித்தியாலம் என்று அச்சிட்ட விளக்கு ஆறாம் மணித்தியாலத்தில் மின்மினிபோலும் மினுங்கலாம். ஒளியைச் சீராகக் காத்து, முடிவு நெருங்கும்போது எச்சரித்துத் தாழ்ந்த நிலைக்கு இறங்கும் விளக்குகளும் உள. தொடக்கத்தில் எவ்வளவு பிரகாசமென்று வினவுவதிலும், முடிவில் எவ்வாறு நடந்துகொள்ளுமென்று வினவுவதே அறிவுடைமை.

அந்த அளவீடும் இதமான அறையிலே செய்யப்படுவது. மலையிலோ குளிர் மின்கலத்தின் வலிமையை உறிஞ்சிவிடும். குளிரில் மின்கலத்தினுள் நடைபெறும் இரசாயனத் தாக்கம் தளர்ந்து, அகத்தடை கூடுவதே காரணம். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் கார உலர்கலம் இதனால் மிக வாடும். பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகை செல்சியசில் அதன் கொள்ளளவில் அரைவாசியும் கிட்டாது. அதே வடிவினதாய், மீள மின்னேற்ற முடியாத இலிதிய உலர்கலம் பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகைவரை தொழிற்படும். எடையும் காரக்கலத்தினும் மூன்றிலொரு பங்கு குறைவு. விலை மாத்திரம் கூடியது. ஆயினும் இதனை ஏற்காத விளக்குகளும் உளவாதலால், உற்பத்தியாளரின் குறிப்பை முன்னரே பார்த்தல் வேண்டும். மீள மின்னேற்றத்தக்க இலிதிய அயன் கலங்கள் நன்றே உழைப்பினும், உறைநிலைக்குக் கீழே அவற்றுக்கு மின்னேற்றினால் பழுதடையும். ஆகவே மலைக்குடிலிலே அவற்றை முதலில் மார்போடணைத்துச் சூடாக்கி, அதன்பின்னரே மின்னேற்ற வேண்டும். மாற்றுக்கலங்களின் இடமும் பையன்று, உட்சட்டைப் பையேயாம். கலங்களை ஒரு சிறு பெட்டியிலிட்டு வடத்தினால் இணைத்து, அப்பெட்டியை மேலங்கிக்குள்ளே வைத்துக்கொள்ளும் விளக்குகளும் கிடைக்கின்றன. கடுங்குளிருக்கு அவை நன்று.

இனி, ஆளியைப் பற்றிச் சொல்லவேண்டும். கடையிலே வெறுங்கையால் அழுத்தும்போது எல்லா ஆளியும் இனியனவே. தடித்த கையுறையை அணிந்து, கண்ணை மூடிக்கொண்டு, விளக்கை ஏற்றவும் அணைக்கவும் ஒளியை மாற்றவும் முடிகின்றதா என்று பார்த்தல் வேண்டும். பனிப்புயலிலே கையுறையைக் கழற்றுவோன் விரல்களையே பணயம் வைக்கின்றான். கட்டும் நாடா தலைக்கவசத்தின்மேல் வழுக்காது நிற்கின்றதா, பையினுள்ளே தற்செயலாக எரிந்து தீராதபடி பூட்டு உண்டா என்பனவும் பார்க்கவேண்டியன. நீர்காப்பைக் குறிக்கும் ஐ.பி.எக்ஸ். எண்ணையும் கவனிக்க: 4 என்றால் எப்பக்கத்திலிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும், 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரைமணி நேரம் அமிழ்ந்திருப்பினும் பழுதில்லை.

மிகுந்த வெளிச்சமே சில வேளைகளில் பகையாவதுமுண்டு. மூடுபனியிலும் பனித்தூவலிலும் நெற்றியிலிருந்து செல்லும் ஒளி துகள்களிற் பட்டுக் கண்ணுக்கே திரும்பிவந்து, முன்னே ஒரு வெண்சுவரை எழுப்பிவிடும். அப்பொழுது ஒளியைக் குறைத்தல் வேண்டும்; அன்றி விளக்கைக் கழற்றி இடுப்பளவிற் பிடித்தால் நிலத்தின் மேடுபள்ளம் நிழல்களாற் புலப்படும். சிவப்பு ஒளி இருளுக்குப் பழகிய கண்ணைக் கெடுக்காதாகையால் குடிலினுள் உதவும். ஆயினும் தேசப்படத்திற் கபில நிறத்தாலும் செம்மஞ்சளாலும் வரைந்த சமவுயரக் கோடுகள் அவ்வொளியில் மறைந்துவிடும். சமவுயரக் கோடு தெரியாத தேசப்படம் பனிமலையிலே வெறுந்தாள். காந்தம் பொருந்திய விளக்கும் உண்டு. அதனைத் திசையறிகருவிக்கு அண்மையிற் கொண்டுசெல்லுதல் ஆகாது.

இவ்வளவுஞ் சொன்னபின், அவ்விளைஞர்க்கு ஒரு பரீட்சையும் விதித்தோம். விளக்குக்கு முழு மின்னேற்றி, ஓரிரவு முழுதும் வீட்டுப் பனிப்பெட்டியின் உறைபகுதியில் வைத்து, மறுநாள் அங்கேயே அதனை எரியவிட்டு, நேரத்துக்கு நேரம் பார்க்குமாறு கூறினோம். மறுநாள் மாலை தொலைபேசியிற் பேசினார். பெரிய ஒளிநிலையில் ஏற்றிய விளக்கு ஒரு மணித்தியாலம் முடியுமுன்னரே பாதிக்கும் கீழாக மங்கியதாம். அவர் குரலிற் சோர்வு தெரிந்தது; மாணவர் கையிற் பணம் எவ்வளவு அரியதென்பதை யாம் அறிவோம்.

“அதனை எறியவேண்டாம் தம்பி. நடுத்தர ஒளிநிலையில் வைத்தால் அது இன்னும் உழைக்கும். உமக்கு வேண்டியது இரண்டாவது விளக்கு,” என்றோம்.

இக்கட்டுரையில் யாம் வற்புறுத்த விரும்புவதும் அதுவே. மாற்றுக்கலம் மாற்று விளக்காகாது. விளக்கணைந்த இருளிலே, காற்றில், மரத்த விரல்களாற் சிறு மூடியைத் திறந்து, கலத்தின் தலையெது அடியெது என்று தடவிப் பொருத்துவது எத்துணை அரிதென்பதை ஒருமுறை வீட்டு முற்றத்திலே செய்துபார்த்தவர் அறிவர். ஒரு கலம் கைநழுவிப் பனியுள் விழுந்தால் தேடவும் வெளிச்சமில்லை. சிறியதாயினும் இன்னொரு விளக்குப் பையின் மேலறையில் இருக்குமாயின், முதல்விளக்கின் குறையை அவ்வொளியிலே தீர்க்கலாம். துணைவனது விளக்குப் பழுதுபடின் அவனுக்கும் கொடுக்கலாம். பேரொளி விளக்கு ஒன்றிலும் நடுத்தர விளக்கு இரண்டே மேல்.

ஒளி தரும் உதவி இன்னுமொன்றுண்டு. இடர்ப்பட்டவர் நிமிடத்துக்கு ஆறு முறை விளக்கை ஒளிரச்செய்து, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் அவ்வாறே செய்தல் மலைவழக்கு. அதனைக் கண்டவர் நிமிடத்துக்கு மூன்று முறை ஒளிகாட்டி மறுமொழி தருவர். ஸ்கொத்லாந்தின் மலைமீட்புக் குழுவினர் ஊதியம் பெறாத தொண்டர்கள். நள்ளிரவிலே தம் படுக்கையை விட்டெழுந்து, முன்பின் அறியாத ஒருவரைத் தேடி அவர்கள் மலையேறுகின்றனர். நம் கவனக்குறைவால் அவர்தம் உயிரை இடருக்கு உள்ளாக்காமையும் மலையேறுவோர்க்குரிய அறம்.

அவ்விளைஞர் அடுத்த மாதம் தம் உதவிப்பணத்தில் மிச்சம் பிடித்து, விலை குறைந்த சிறு விளக்கொன்றை வாங்கினார். பெட்டியில் அச்சிட்ட எண்களை அவர் இம்முறை முதலிற் பார்க்கவில்லையாம். கடைக்காரரிடம் தடித்த கையுறை ஒன்றைக் கேட்டு வாங்கி, அணிந்து, கண்ணை மூடிக்கொண்டு ஆளியை அழுத்திப் பார்த்தாராம். கடைக்காரர் வியந்து நோக்கினாராம். யாம் மகிழ்ந்தோம். தைமாதத்தில் அவரோடு மலையேற எமக்கு இனித் தடையில்லை.