மாறுவேட வாடிக்கையாளர்

மன்னர் மாறுவேடம் பூண்டு நகர்வலம் வந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வள்ளுவப் பெருந்தகையும் ஒற்றாடலுக்கென 59ஆம் அதிகாரத்தை வகுத்தளித்தார். அரசர்க்குரிய அவ்வொற்று இன்று வணிகர்க்கும் உரியதாயிற்று. வாடிக்கையாளர் போலக் கடையினுள் நுழைந்து, பொருள் வாங்கி, பணியாளர் வரவேற்ற முறை, தூய்மை, ரசீது ஆகியவற்றை மனத்திற் குறித்துக்கொண்டு அறிக்கை தருவதே ‘மிஸ்டரி ஷாப்பிங்’. அமெரிக்க நாட்டில் 1940களில் வழங்கத் தொடங்கிய இப்பெயர் இன்று நம் மாணவர் நாவிலும் பயில்கிறது.

மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஆனி, ஆடிக் கடலின் சீற்றமோ இனயத்தின் வள்ளங்களையும் பல நாள் கரையேற்றிவிடும். வீட்டில் வருவாய் சுருங்கும் அந்நாட்களிலேதான் கல்லூரிக் கட்டணமும் வாயிலில் வந்து நிற்கிறது. “இப்பணியில் சேரலாமா?” என இவ்வூர் மாணவர் சிலர் வினவியபோது ஒரு சொல்லில் விடையிறுக்க நம்மால் இயலவில்லை. தாளும் எழுதுகோலும் கொண்டு அவர்களோடு கணக்கிட்டுப் பார்த்தோம்.

நாகர்கோவில் உணவகமொன்றைப் பார்த்துவர ஊதியம் 400 ரூபாய் என்று கொள்வோம். உண்டதற்கு 500 ரூபாய் ஆகிறது. நிறுவனம் திருப்பித் தருவதோ 400 மட்டுமே. பேருந்துச் செலவு 90. எஞ்சுவது 210 ரூபாய். போய்வர 3 மணி, உணவகத்தில் 1 மணி, அறிக்கை எழுத 2 மணி ஆக 6 மணி நேரம். மணிக்கு 35 ரூபாயே கிட்டுகிறது! அதுவும் அறிக்கை ஏற்கப்பட்ட பின்னர், பல வாரங்கள் கழித்தே கைக்கு வரக்கூடும். அதுவரை முதலிட்ட பணம் நம்முடையது. கடன் வாங்கி முதலிடுவோர்க்கு இது வருவாயாகுமா?

இன்னொன்றும் கருதத்தக்கது. கடையில் நிற்பவள் நம் தெருப் பெண்ணாகவும் இருக்கலாம். நாள் முழுதும் நின்றே பணிபுரிந்தோர்க்கு இருக்கை அளிக்க வேண்டுமெனத் தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டிலேதான் சட்டத்திருத்தம் வந்தது. கால் கடுத்தவள் முகம் மலராத ஒரு கணத்தை நாம் குறையெனக் குறித்தால் அவள் பிழைப்புக்கே ஊறு நேரலாம். ஓர் ஒற்றன் கூற்றை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஆராய்க என்பது வள்ளுவர் நெறி. எல்லா முதலாளிகளும் அங்ஙனம் ஆராய்வர் என்று நாம் நம்பியிருத்தல் ஆகாது. ஆகவே கண்டதை மட்டும், கூட்டாமலும் குறைக்காமலும் எழுதும் நேர்மை இப்பணிக்கு இன்றியமையாதது.

‘முதலில் பதிவுக் கட்டணம் செலுத்துக’ என்போரிடம் விழிப்பாயிருத்தல் வேண்டும். வேலை தருபவர் நம்மிடம் பணம் கேட்பானேன்? ஏமாற்றப்பட்டோர் தாமதியாது 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்தல் நலம்.

நகரிலேயே தங்கிப் படிப்போர், எப்படியும் கடைக்குச் செல்வோர், சிறு தொகை முடங்கினாலும் தாங்கவல்லோர், பிழையற எழுதத் தெரிந்தோர் ஆகியோர்க்கு இது நல்ல துணை வருவாய். அடுப்பெரிய இதனையே நம்பியிருப்போர்க்கு ஏற்றதன்று. கேட்ட மாணவரிடமும் நாம் இவ்வாறே கூறினோம். விடுதியில் தங்கிய ஒருவர் சேர்ந்தார். நாள்தோறும் இனயத்திலிருந்து வந்துசெல்லும் இருவர் மாலைவேளையில் சிறார்க்குப் பாடம் சொல்லித் தரத் தொடங்கினர். மூவரும் தத்தம் கணக்கைத் தாமே போட்டு முடிவெடுத்தனர் என்பதே நமக்கு மகிழ்ச்சி.