பூச்சியுமில்லை, தாமரையுமில்லை

தேமல், வேர்க்குரு, சேற்றுப்புண் என்று தோலுக்கு வரும் தொல்லைகள் பல. இப்போது புதுச்சேரியில் நான் அதிகம் கேள்விப்படுவது படர்தாமரை. வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, மருந்துக் கடையில் காதோடு காதாகக் கேட்டு ஒரு களிம்பை வாங்கி வந்துவிடுகிறார்கள். வினையே அங்குதான் தொடங்குகிறது.

பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். தலையில் வரும் படையை பிரெஞ்சில் 'தெஞ்' என்பார்கள். துணி அரிக்கும் அந்துப்பூச்சிக்கும் அதே பெயர்தான். டாக்டர்கள் எழுதும் 'டினியா'வும் அந்தப் பூச்சியைக் குறிக்கும் லத்தீன் சொல்லே. ஆங்கிலேயர் அதை வளையப் புழு என்றார்கள், நாம் தாமரை என்றோம். உண்மையில் அது பூச்சியுமில்லை, புழுவுமில்லை, ஒரு பூஞ்சை. பாரிஸில் மருத்துவராக இருந்த டேவிட் க்ரூபி, தலைப்படையில் பூஞ்சை இருப்பதை 1841-இலேயே நுண்ணோக்கியில் கண்டு சொல்லிவிட்டார்.

தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டினைத் தின்று வாழும் அந்தப் பூஞ்சைக்கு ஈரமும் வெப்பமும் இருந்தால் கொண்டாட்டம். எங்கள் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

என் மைத்துனனுக்குத் தொடையிடுக்கில் வந்தது. கடையில் கொடுத்த களிம்பைப் பூசிவிட்டு, "ரெண்டே நாள்ல அரிப்பு பறந்துபோச்சு மாமா" என்றான். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கும், பூஞ்சையைக் கொல்லாது. மேலே அடங்கியதுபோல் இருக்க, அது தோலில் பரவிக்கொண்டே போகும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாகக் கிளம்பும், மறுபடி பூசுவோம். இப்படியே எட்டு மாதம் ஓட்டினான். தோல் மருத்துவரிடம் போய்ப் படை குணமாகிவிட்டது. ஆனால் தோல் மெலிந்து விழுந்த கோடுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன.

ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. கோப்புகளோடு காலம் கழித்தவன் என்பதால் சொல்கிறேன்: ஆணை வேறு, நடப்பு வேறு. ஆகவே நாமே குழாயில் அச்சிட்டிருப்பதைப் படிக்க வேண்டும். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்றிருந்தால் அது ஸ்டீராய்டு. கரப்பான் போன்றவற்றுக்கு டாக்டரே எழுதித் தந்தால் தாராளமாகப் பூசலாம். நாமாக வாங்கிப் படைக்குப் பூசுவதுதான் ஆபத்து.

மற்றதெல்லாம் வீட்டு வேலைதான். குளித்ததும் அக்குள், தொடையிடுக்கு, கால்விரல் இடுக்குகளை ஈரம் போகத் துடையுங்கள். துண்டு ஆளுக்கு ஒன்று. உள்ளாடை பருத்தியில், தளர்வாக இருக்கட்டும். வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயவையுங்கள். அரைஞாண் கயிறு நாள் முழுக்க ஈரத்தோடு இடுப்பில் கிடக்கும். குணமாகும்வரை அதைக் கழற்றிவைத்தால் சாமி கோபித்துக்கொள்ளாது. வீட்டில் இன்னொருவருக்கும் இருந்தால் சேர்ந்தே வைத்தியம் பாருங்கள், இல்லையென்றால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் திரும்பத் திரும்ப வரும். சர்க்கரை உள்ளவர்கள் அதையும் கட்டுக்குள் வைக்க வேண்டும்.

முக்கியமாக, அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தாதீர்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பூஞ்சை உள்ளே இருக்கும். டாக்டர் சொன்ன கடைசி நாள்வரை பூசுங்கள்.