கோபுரத்துக்கு மேலே ஒரு சிலுவை!

ஏலகிரிக்குப் போகிறவர்கள் திருப்பத்தூரை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஜோலார்பேட்டையில் ரயிலைவிட்டு இறங்கியதும் நேராக மலைக்கு வண்டி பிடித்துவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் கிளம்பினோம். பக்கத்து வீட்டு அக்காதான், "கொஞ்சம் சுத்துதான்... ஆனாலும் ஒரு சர்ச்சைப் பார்த்துட்டுப் போயிடலாம்" என்றார். பின் சீட்டில் இருந்த அவர் மகள் உடனே இயர்போனை எடுத்துக் காதில் செருகிக்கொண்டாள்.

அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரு வருடமாகப் பனிப்போர். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் பெண், இனி ஞாயிறு ஆராதனைக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "நான் கேக்கிற எதுக்கும் அங்க பதில் இல்லை ஆன்ட்டி. நான் போட்டிருக்கிற டிரெஸ்ஸைத்தான் பாக்கிறாங்க" என்று என்னிடம் ஒருமுறை புலம்பியிருக்கிறாள். நாங்கள் பிள்ளையார் கோயிலுக்குப் போகிற குடும்பம். நான் என்ன பஞ்சாயத்து பேச முடியும்?

திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்துக்குள் நுழைந்ததும் ஒரு கணம் குழம்பிப்போனேன். நான் எதிர்பார்த்தது ஊசிக் கோபுரமும் வண்ணக் கண்ணாடி ஜன்னலும். எதிரே நின்றதோ கல் தூண்களும் மண்டபமும் கோபுரமும். அண்ணாந்து பார்த்தால்தான் உச்சியில் சிலுவை தெரிகிறது. யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டேன். எனக்கு இது பழகிய இடம்போல இருந்தது. இயர்போன் பெண்ணும் ஒரு காதை விடுவித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

இந்த ஆசிரமத்தை 1921-ல் தொடங்கியவர்கள் இரண்டு டாக்டர்கள். ஒருவர் தமிழரான சவரிராயன் ஏசுதாசன். இன்னொருவர் ஸ்காட்லாந்துக்காரரான எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். இங்கே முன்னவர் 'பெரியண்ணன்', பின்னவர் 'சின்னண்ணன்'. வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில், ஒரு வெள்ளைக்காரர் தமிழருக்குத் தம்பியாக இருக்கச் சம்மதித்ததே பெரிய செய்திதான்.

பேட்டனின் குடும்பம் கம்பளி நூல் ஆலை வைத்துச் செழித்த குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளை இங்கே வந்து கதர் உடுத்தினார். 1932-ல் சென்னையில், மறியல் செய்கிறார் என்று போலீஸார் அவரை அடிக்க, பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை கேள்வி எழுந்தது.

இருவரும் ஊர் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். தரையில் உட்கார்ந்து வழிபட்டார்கள். 'கிறிஸ்தவம் என்றால் கோட்டு, சூட்டு' என்று ஊர் நினைத்திருந்த நாளில், அந்த மதம் இந்த மண்ணின் உடுப்பில் வரவேண்டும் என்று நினைத்தார்கள். அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்பே தஞ்சையில் வேதநாயக சாஸ்திரியார் கர்னாடக இசையில் கிறிஸ்தவப் பாடல்கள் இயற்றியிருந்தார். இவர்கள் அதே வேலையைக் கல்லில் செய்தார்கள்.

நான் வியந்துகொண்டிருக்க, பெண் மெதுவாகக் கேட்டாள்: "கோயில் மாதிரி கட்டினது சரி. அந்தக் காலத்துல எல்லாராலயும் கோயிலுக்குள்ள போக முடிஞ்சுதா என்ன? பறையை உள்ள விட்டிருப்பாங்களா?"

கல்லூரியில் பறை கற்கிற பெண் அவள். எனக்குப் பதில் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்திருந்தது.

மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது. அங்கே ஆசிரியராக இருந்தவர் தியாபிலஸ் அப்பாவு. 'பரட்டை' என்று அவரை அன்பாக அழைப்பார்கள். நாட்டுப்புற மெட்டிலேயே முழு ஆராதனை முறையை அமைத்தவர். உழைக்கிற மக்களின் இசை வாசலுக்கு வெளியே நிற்கக்கூடாது என்பது அவர் கட்சி. எல்லோரும் ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடுவதுதான் ஆன்மிகம் என்று சொன்னவர். 2005-ல் காலமானார்.

"வாலிபர் முகாம்ல அவர் பாட்டை நாங்க பறை வச்சுப் பாடினோம்" என்றார் அக்கா. "ஊருக்கு வந்து எங்க சர்ச்ல பாடினதும் பெரியவங்க திட்டித் தீர்த்துட்டாங்க. 'இது என்ன சாவு வீடா?'ன்னாங்க. அதுக்கப்புறம் நான் பாடவே இல்ல."

"இதை நீ எங்கிட்ட சொன்னதே இல்லையேம்மா!"

"நீ கேட்டதே இல்லையே..."

மண்டபத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இளைஞர்களை வரவழைக்க இப்போது பல சபைகளில் கிட்டார், டிரம்ஸ், பெரிய திரை எல்லாம் வந்துவிட்டன. தப்பில்லை. ஆனால், இந்தப் பெண் கேட்டது டிரம்ஸ் இல்லை. தன் கேள்விக்குக் காது கொடுக்கிற ஓர் ஆள். பெரியண்ணனும் சின்னண்ணனும் கோபுரம் எழுப்பியதைவிட, ஒரே வீட்டில் அண்ணன் தம்பியாக வாழ்ந்து காட்டியதுதான் வெளியாளான என்னைத் தொட்டது. எங்கள் கோயில்களுக்கும் இந்தப் பாடம் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

கிளம்பும்போது அக்கா மகளிடம் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை வரலைன்னா விடு. ஆனா, உனக்குத் தோணுறதை எங்கிட்ட கேளு. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்றேன்."

அவள் பதில் சொல்லவில்லை. வண்டி ஏலகிரி வளைவுகளில் ஏறும்போது, இயர்போனின் ஒரு முனையை அம்மாவிடம் நீட்டினாள். "அந்தப் பரட்டை பாட்டு எப்படிம்மா வரும்? பாடிக் காட்டேன்..."

அக்கா இயர்போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

போக நினைப்பவர்களுக்கு: ஜோலார்பேட்டை ரயில் நிலையத்திலிருந்து திருப்பத்தூர் பக்கம்தான், பேருந்து, ஆட்டோ கிடைக்கும். இது சுற்றுலாத் தலம் அல்ல, வழிபாட்டு இடம். அனுமதி கேட்டு உள்ளே போங்கள். போனை சைலன்ட்டில் போட்டுவிடுங்கள்.