எந்தக் கொட்டகை?

பத்திரத்தை எழுதியவர் ஓய்வுபெற்ற அரசு அதிகாரி. ஆவண எழுத்தரிடம் போகாமல் தாமே ஆங்கிலத்தில் டைப் அடித்திருந்தார். தான செட்டில்மெண்டில் மகளுக்கு அவர் கொடுத்தது: ‘தி ஷாப் அண்ட் தி ஷெட் விச் இஸ் லெட் அவுட் ஆன் ரெண்ட்’. மீதி மகனுக்கு. தந்தை காலமானதும் மகன் கடையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். அவருடைய தங்கையின் வக்கீலாக நான் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டேன்.

பத்திரம் பதிவான அன்று கடை காலியாகக் கிடந்தது உண்மை. அதைப் பிடித்துக்கொண்டார் எதிர்த்தரப்பு சீனியர். ‘விச்’ கடை, கொட்டகை இரண்டையும் சேர்த்தே குறிக்கிறது, வாடகைக்கு விட்டிருந்தால்தான் மகளுக்கு, கடை வாடகையில் இல்லை, ஆகவே அது மகனுக்கு என்றார்.

இரண்டையும் குறித்தால் ‘ஆர்’ என்றல்லவா வந்திருக்க வேண்டும், ‘இஸ்’ ஒருமையாயிற்றே என்றேன். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணம் படித்த எவருக்கும் ‘விச்’ தனக்கு முன்னால் ஒட்டி நிற்கும் பெயரைத்தான் முதலில் தேடும் என்பது தெரியும். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் பார்ன்ஹார்ட் எதிர் தாமஸ் தீர்ப்பையும் (2003) நீட்டினேன். முன்சீப் கோர்ட்டில் அது எவ்வளவு எடுபடும் என்று தெரிந்தேதான். அது ஒரு லிஃப்ட் இயக்கும் பெண்ணின் வழக்கு. பழைய வேலையையோ, ‘நாட்டில் இருக்கிற’ வேறு வேலையையோ செய்ய முடியாதவருக்கே உதவித்தொகை என்றது சட்டம். என் பழைய வேலையே இப்போது நாட்டில் இல்லையே என்றார் அவர். ‘விச்’ கடைசியில் நிற்கும் ‘வேறு வேலை’யை மட்டுமே சேரும் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். பாவம், இலக்கணம் அவரைக் கைவிட்டது.

“ரிட்டயர்டு ஆபீசர் இங்கிலீஷில் இஸ், ஆர் பார்த்துச் சொத்தைப் பிரிப்பதா?” என்றார் சீனியர். அவர் வாதத்திலேயே கனமானது அதுதான்.

அதனால் இடத்துக்கே போனேன். கொல்லையில் கொட்டகைகள் இரண்டு. ஒன்றில் சைக்கிள் ரிப்பேர்க்காரர் வாடகைக்கு இருந்தார், மற்றதில் விறகு. ‘விச்’சுக்கு முன் கமா இருந்தால், வாடகை விஷயம் போகிறபோக்கில் சொன்ன உபரித் தகவல். கமா இல்லை; அப்படியென்றால் எந்தக் கொட்டகை என்று அடையாளம் காட்டவே அந்த வாக்கியம். கடை ஒன்றுதான், அதற்கு அடையாளம் எதற்கு? நிறுத்தக்குறி சிறு விஷயம் என்று 1952-லேயே அஸ்வினி குமார் கோஷ் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது என்று சீனியர் உடனே எழுந்தார். கமாவை விட்டாலும் கொட்டகை இரண்டுதானே என்றேன். 1872 சாட்சியச் சட்டத்தின் 96-ஆம் பிரிவு இதற்கென்றே இருந்தது. ‘என் வெள்ளைக் குதிரை’யை விற்கிறேன் என்றவரிடம் வெள்ளைக் குதிரை இரண்டு இருந்தால், எது என்று காட்டச் சாட்சியம் தரலாம். சைக்கிள்காரரைக் கூண்டில் ஏற்றினேன். பெரியவர் கையெழுத்திட்ட வாடகை ரசீதுகளை எண்ணெய்க் கறையோடு கொண்டுவந்தார்.

கடையும் அந்த ஒரு கொட்டகையும் தங்கைக்கு என்று டிக்ரி ஆனது. தீர்ப்பில் ‘விச்’சுக்கு ஒரே பத்திதான், மற்றதெல்லாம் ரசீதுகள். எனக்கு அதில் கொஞ்சம் மனக்குறை. அப்பீலில் சப் கோர்ட் அந்த ஒரு பத்தியையும் தொடாமலே தீர்ப்பை உறுதிசெய்தது. விறகுக் கொட்டகை அண்ணனுக்கே போயிற்று.