கலைமானின் கொம்பு

எம் அறைக்கு வரும் மாணாக்கர் பலரும் மேசைமேற் கிடக்கும் மான்கொம்பைக் கையிலெடுத்து, "ஐயா, இது தாங்கள் வேட்டையாடிய மானினதோ?" என்று வினவுகின்றனர். அன்று. அது தானே உதிர்ந்த கொம்பு. அதனை எமக்கு ஈந்தவர் டெக்சாஸ் நாட்டு முதியவர் ஒருவர். அவர் திறத்து யாம் இழைத்த பிழையொன்றுண்டு. கொம்பைக் காணுந்தோறும் அப்பிழை நினைவுக்கு வருதலின், அதனை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

2010ஆம் ஆண்டு ஆடித் திங்களில், உயிர்நூற் பயிற்சியின் பொருட்டு யாம் டெக்சாஸின் தென்பகுதிக்குச் சென்று ஓராண்டளவும் தங்கினோம். எமக்கு இடந்தந்த பெரியவர் எழுபது கடந்தவர். ஊர்ப்புறத்தே காட்டுநிலம் உடையவர். நம் நாட்டுச் சீமைக்கருவேலுக்கு நெருங்கிய உறவான மெஸ்கீட் மரமும் சப்பாத்திக்கள்ளியும் அங்கே அடர்ந்திருந்தன. அம்முட்காட்டில் வாழ்வது வெள்வால் மான். வேட்டைக்குரிய காலம் நவம்பர் மாதந் தொடங்கிச் சனவரி வரையில் நிகழும். உரிமைச்சீட்டின்றி ஒருவரும் துப்பாக்கி எடார்.

பெரியவர்க்கு ஒரு கொள்கை இருந்தது. ஓராண்டு நிரம்பிய இளங்கலை கிளையின்றி ஊசிபோலக் கொம்பு முளைத்து நிற்கக் கண்டால், அதனை முதலிற் சுட்டுவிடுவார். "களையைப் பிடுங்காமற் பயிர் தேறுமோ?" என்பார். இது அவர் தாமே கட்டிய கதையன்று. 1970களிற் கெர் என்னும் அரசினர் காட்டில் மான்களைப் பட்டியிலடைத்து ஒரே உணவூட்டி ஆராய்ந்தோர், ஊசிக்கொம்புடையன பின்னும் சிறுகொம்பினவாகவே இருத்தல் மிகுதி எனவும், கொம்பளவு தந்தைவழி இறங்குவது எனவும் கண்டனர். அதுகொண்டு அந்நாட்டு நிலமுடையார் பலர் ஊசிக்கொம்பைக் களையெனவே கருதி வந்தனர்.

அவ்வாண்டு அவர் நிலத்தில் முதிர்ந்த கலையொன்று திரிந்தது. அதனை அவர் ஐந்தாண்டுகளாகச் சுடாது விட்டுவைத்திருந்தார்; பதினான்கு வயதுப் பேரன் வந்து தன் முதல் வேட்டையாக அதனை வீழ்த்தவேண்டுமென்பது அவர் விருப்பம். பேரனும் வந்தான். அன்றிரவு உணவு மேசையில் யாம் வாய் திறந்தோம். கனடாவின் ஆல்பர்ட்டாப் பகுதியிலுள்ள ராம் மலைப் பெருங்கொம்பாடுகளைப்பற்றி 2003இல் வெளிவந்த ஆராய்ச்சி எம் நெஞ்சில் நிறைந்திருந்தது. கொம்பு பெருத்த கடாக்களையே வேட்டையாளர் ஏறத்தாழ முப்பதாண்டு தேர்ந்து கொன்றமையால், அக்கூட்டத்தின் கொம்பும் உடலும் தலைமுறைதோறும் குறுகிப்போயின என்பது அதன் முடிபு. "சிறந்ததைக் கொன்றால் எஞ்சுவது எது?" என்று, வகுப்பிற் பேசுவார்போலப் பேசினோம். பெரியவர் நெடுநேரம் வாளாவிருந்தார்; பின்பு, "ஆசிரியர் சொல்வது மெய்யாயிருக்கலாம்" என்று மட்டுஞ் சொன்னார். மறுநாள் அக்கலை எதிர்ப்பட்டபோது பேரனின் துப்பாக்கியைத் தம் கையால் தாழ்த்திவிட்டார் எனப் பின்னர் அறிந்தோம். சிறுவன் விடைபெறும்போது எம்மை நோக்காமலே வண்டியேறினான்.

மாசித் திங்களில் அக்கலை கொம்புதிர்த்தது. ஒன்றைப் பெரியவர் தேடியெடுத்து வந்து, "நீங்கள் உயிர் காத்த மானின் கொடை" என்று எம்மிடம் தந்தார். யாமும் பெருமிதத்தோடு வாங்கிக்கொண்டோம்!

நிற்க. ஆட்டின் கதையை மானுக்கேற்றியது எம் பிழை. ஆட்டின் கொம்பு உதிர்வதில்லை. ஆண்டுதோறும் வளர்ந்து சுருளும். சுருள் குறித்த அளவை எட்டிய கடாவைச் சுடலாமென்பது ஆல்பர்ட்டாவின் விதி. விரைந்து வளர்வன நான்காம் ஆண்டிலேயே அவ்வளவை எட்டிவிடும். கடாக்களோ பெண்ணாடுகளைப் பெரிதும் சேர்வது ஆறாம் ஏழாம் ஆண்டுகளில். ஆகவே நற்கொம்பன் சந்ததியின்றி மாய, குறுங்கொம்பன் எஞ்சியது. 1996இல் விதி இறுக்கப்பட்டபின் தேய்வு நின்றது; ஆயினும் இழந்தது எளிதில் மீளவில்லை. இம்முடிபை மறுத்தோரும் உளர் என்பதையும் சொல்லவேண்டும்.

வெள்வால் மானின் நிலை வேறு. அதன் கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து புதிதாய் முளைப்பது. ஐந்து முதல் ஏழு வயதளவில் முழுப்பருமை எய்துவது. அவ்வயதுக் கலையைச் சுடுவோன், அது பல பருவம் பிணைகளோடு கூடி மறிகளை ஈன்றபின்னரே சுடுகிறான். மேலும், ஒரு கலையே கூட்டமுழுதையும் ஆள்வதென்று யாம் எண்ணியிருந்ததும் தவறு. மரபணுச் சோதனையால் தந்தையரைத் தேடியோர், முதிர்ந்த கலைகள் நிறைந்த காட்டிலும் மறிகளில் ஏறத்தாழ மூன்றிலொன்று இளங்கலைகளுக்குப் பிறந்தன என்று கண்டனர். ஒரே பிணையின் இரட்டை மறிகளுக்குத் தந்தையர் இருவராயிருத்தலும் உண்டு. அவ்வாராய்ச்சி 2009இலேயே அச்சேறியிருந்தது. யாம்தாம் கண்டிலோம். கொம்பில்லாப் பிணையும் கொம்பின் மரபிற் பாதியைத் தருவது. அதனை எவர் கண்கொண்டு தேர்வார்? இளங்கலைகள் பல பிறந்த இடம் விட்டுச் சில மைல் அகன்றுபோய்த் தங்குதலின், ஒரு நிலத்தின் மரபு அந்நிலத்தோடு நிற்பதுமில்லை.

உணவின் வலி இன்னும் பெரிது. தெற்கு டகோட்டாவில், சிறுத்த உடலினவான மலைநாட்டு மான்களைக் கொணர்ந்து நல்லுணவு ஊட்டினர். முதல் தலைமுறை மைந்தர் முழுதும் தேறவில்லை. அவர்தம் மைந்தரோ வளமிக்க கீழ்ப்பகுதி மான்களுக்கு நிகராயினர். தாய் பட்ட பசி மகன் கொம்பில் தோன்றியதேயன்றி, குலங் கெட்டதன்று.

வேலியிட்ட சிறுநிலத்தில், கிளைத்த கொம்புடைய இளங்கலைகளையே ஆண்டாண்டாய்ச் சுட்டுத் தீர்த்தால் கேடு வருதல் கூடும் என்றே இன்றும் கருதுகிறோம். அப்பெரியவர் செய்யவிருந்தது அதுவன்று.

அவர் கொள்கையும் நிலைக்கவில்லை. டெக்சாஸின் தென்பகுதியில் கமான்சி என்னும் பெரும்பண்ணையில் 2006 முதல் ஆண்டுதோறும் ஹெலிகாப்டரிலிருந்து வலையெறிந்து கலைகளைப் பிடித்து, கொம்பு குறைந்தவற்றைக் கொன்று சோதித்தனர். பல்லாண்டு களையெடுத்தும் கொம்பு பெருக்கவில்லை. கலைகளின் தொகைதான் அருகியது. மழை பொய்த்த ஆண்டில் நன்மரபினதும் ஊசிக்கொம்பே தாங்குமன்றோ?

2011ஆம் ஆண்டு டெக்சாஸ் கண்ட பெரும்வறட்சி யாவரும் அறிந்தது. யாம் ஊர் திரும்பிய மூன்றாந் திங்களில் பெரியவர் மடல் வந்தது. வற்றிய குட்டையருகே அக்கலை இறந்து கிடந்ததையும், கழுகுகள் வட்டமிட்டதால் தாம் அறிந்ததையும் ஒருவரியில் எழுதியிருந்தார். எம்மைக் குறை கூறவில்லை.

கமான்சிச் செய்தியைக் கற்றபின், தந்தையராய்ச்சியையும் தேடிப் படித்து, எம் பிழையை ஒளியாது அவர்க்கு எழுதினோம். மறுமொழி ஒரு திங்கள் தாழ்த்து வந்தது. ஊசிக்கொம்பைச் சுடுவதைத் தாமும் விட்டுவிட்டதாகவும், தாம் கொன்ற இளங்கலைகளை எண்ணிப் பார்த்து நாற்பதுக்கு மேல் எண்ண மனமில்லாமல் நிறுத்தியதாகவும் எழுதியிருந்தார். மடலின் அடியில் வேறு கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. வளர்ந்துவிட்ட பேரன் எழுதியது: அந்தக் கொம்பு இன்னும் எம்மிடம் உளதா என்று கேட்டிருந்தான்.

அடுத்த கோடையில் எம் மாணாக்கர் ஒருவர் அந்நாடு செல்கிறார். பொதி கட்டி வைத்திருக்கிறோம்.